கிருபையால் இரட்சிப்பு, சரி. அதுக்கப்புறம் கிருபையால் வாழுறது எப்படி?

திசையன்விளை டீச்சர் | ஞாயிறு மாலை 4.20

எங்க சபையில் திடப்படுத்தல் வகுப்பு (பிள்ளைகளை முழு அங்கத்தினராச் சேக்குறதுக்கு முன்னால நடத்துறது) இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கு. ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகள். இன்னைக்கு எபேசியர் 2:8, 9 எடுத்தேன். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." கிருபைன்னா நம்ம தகுதி பாக்காம கடவுள் சும்மா குடுக்கிற தயவு. எல்லாரும் தடங்கலில்லாம ஒப்பிச்சாச்சு. முடிக்கப் போற நேரத்துல பின்னாலிருந்து ஒருத்தி எழும்பினா.

"அக்கா, இரட்சிப்பு ஈவுன்னு சொல்லுதிய. ஆனா காலையில ஜெபம் பண்ணாம பரீட்சைக்குப் போனா பேப்பர் கஷ்டமா வரும்னு எனக்குப் பயமா இருக்கு. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுதாவ. அப்ப கிருபை செத்ததுக்கு அப்புறம் மட்டும்தானா?"

அடுத்த வாரம் பேசுவோம்னு அனுப்பிட்டேன். இன்னைக்கு ராத்திரி செத்தா எங்க போவேன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியும். நாளைக்குக் காலையில எட்டரை பஸ்ஸுக்கு ஓடும்போது கிருபை என்ன செய்யுதுன்னு கேட்டா என்ன சொல்ல? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. வாக்குத்தத்த அட்டை, பார்வர்ட் மெசேஜ் எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம்.

தேரிமண் | மாலை 4.41

அந்தப் பிள்ளைக்கு என் கணக்குல ஒரு பாக்கெட் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் குடுங்க டீச்சர்.

எங்க வீட்டு கேட்டுல "கிருபை இல்லம்"னு பளிங்குக் கல்லு பதிச்சிருக்கு. உள்ள நடக்கிறது பூரா வரவு செலவுதான். மார்க் வந்தா கர்த்தருடைய கிருபை. வரலன்னா "நீ ரெண்டு வாரம் கோயிலுக்கு மட்டம் போட்டேல்லா". அண்ணன் பையனுக்கு துபாய் வேலை கிடைச்சா சாட்சி சொல்லுவோம். தம்பி பையனுக்குக் கிடைக்கலன்னா அந்த வீட்டுல என்ன குறைன்னு தேடுவோம். பிள்ளை சரியாத்தான் கேட்டிருக்கு.

பாளை வாத்தியார் | மாலை 6.05

டீச்சரம்மா, அந்தப் பிள்ளை கேட்டதைப் பவுல் கலாத்தியரிடம் கோபமாகவே கேட்டிருக்கிறார். "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" உள்ளே நுழைவதற்குத்தான் கிருபை, நுழைந்தபின் அவரவர் சாமர்த்தியம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாமும் அப்படித்தான் வளர்ந்தோம்.

எபேசியரில் எட்டையும் ஒன்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பத்தாம் வசனத்தையும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம், அவைகளில் நடக்கும்படி அவரே முன்னதாக அவைகளை ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்று வரும். கிரியை வேண்டாம் என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. அதைக் காட்டி உரிமை கொண்டாடாதே என்கிறார். தீத்து 2:11, 12 இன்னும் தெளிவு. அவபக்தியை வெறுக்க நமக்குப் போதிப்பது எது? தேவகிருபை என்கிறார். பாவத்தை மன்னித்துவிட்டுக் கிருபை ஒதுங்கிக்கொள்ள, மிச்ச வேலையைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு வேதத்தில் இல்லை.

1 கொரிந்தியர் 15:10-ல் பவுல் தன்னைப் பற்றியே சொல்கிறார்: "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது." உழைத்ததை மறைக்கவில்லை. அதைத் தன் பேரில் வரவு வைக்கவும் இல்லை.

நம்மூர்ப் பாஷையில் சொன்னால், தாமிரபரணித் தண்ணீர் விவசாயி உண்டாக்கியதல்ல. பொதிகையில் பெய்த மழை, பாபநாசத்தில் தேங்கி, கால்வாய் வழியாக அவன் வயல் வரப்பு வரைக்கும் வந்து நிற்கிறது. மடையைத் திறப்பது ஒன்றுதான் அவன் வேலை. ஜெபம், வேதவாசிப்பு, அப்பமும் ரசமும் பகிர்கிற இராப்போஜனம் எல்லாம் மடை. மடையைத் திறந்துவிட்டுக் கூலி கேட்ட விவசாயியை நான் பார்த்ததில்லை.

நாசரேத்தான் | மாலை 6.32

வாத்தியார் ஐயா, ஆத்துப் பாசனக்காரங்களுக்கு இந்த உவமை இனிக்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கடைமடையில இருக்கிறவனைக் கேட்டுப் பாருங்க. அவன் மடை திறந்துதான் கெடக்கு, தண்ணி வந்தாத்தானே! எங்க நாசரேத், சாத்தான்குளம் தேரிப் பக்கம், செம்மணல் காடு, மடையே கிடையாது. வானம் பாத்த பூமி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ஜெபம்தான் மடைன்னு டீச்சர் போய்ச் சொன்னா அந்தப் பிள்ளை என்ன சொல்லுவா? "நான் இன்னைக்கு மடையைத் திறக்கல, அதான் கணக்குப் பேப்பர் கஷ்டம்." சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வந்து நிக்கோம்.

பாளை வாத்தியார் | மாலை 6.50

கேள்வி நியாயம்தான். நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது என்று ஆண்டவரே சொன்னதும் உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் தம்பி, தேரியிலும் குளத்துக்குக் கரை போடாதவன் மார்கழியில் நனைவான், சித்திரையில் குடத்தோடு அலைவான். ஜெபிக்காதவனைத் தண்டிக்கக் கேள்வித்தாளைக் கடினமாக்குகிற தேவன் ஒருவர் இல்லை. ஜெபிக்காதவன் பயத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பரீட்சைக்குப் போகிறான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

தேரிமண் | மாலை 6.58

வாத்தியாரே, அந்தக் கடைசி ரெண்டு வரியை முதல்லயே சொல்லியிருந்தா பாபநாசம் வரைக்கும் போய்ட்டு வந்திருக்க வேண்டாம் 🙂

ஆலங்குளம் அக்கா | இரவு 8.15

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபை. சி.எஸ்.ஐ-காரங்க (தென்னிந்தியத் திருச்சபை) பேசுற இடத்துல நுழையுறேன்னு நினைக்காதீங்க.

கிருபை கிருபைன்னு இப்ப ஒரு உபதேசம் யூடியூப் பூரா ஓடுது. இனி பாவ அறிக்கை வேண்டாமாம், உபவாசம் வேண்டாமாம், மனந்திரும்புதல்னு சொன்னாலே நியாயப்பிரமாணமாம், பழைய ஏற்பாட்டுச் சட்டமாம். எங்க சபையில ரெண்டு வாலிபப் பையங்க இதைக் கேட்டுட்டு ஆளே மாறிட்டாங்க. கேட்டா "அக்கா நீங்க இன்னும் பழைய ஏற்பாட்டுல இருக்கீங்க"ங்கான். ரோமர் 6:1-ல் பவுல் கேட்டுட்டாரே, கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம்னு சொல்லுவோமா? "கூடாதே"ன்னு ஒரே வார்த்தையில அடிச்சிட்டார்.

இந்தப் பக்கமும் ஒரு விஷயம் சொல்லணும். எங்க ஆளுங்க செய்யுறது நேர் எதிர். நகை போட்டா கிருபை போயிரும், சினிமா பாத்தா கிருபை போயிரும், சீரியல் பாத்தா பாதி போயிரும். அவ்வளவு சீக்கிரம் போறதா இருந்தா அது யார் குடுத்த கிருபை?

உவரிக்காரன் | இரவு 9.02

கத்தோலிக்கன் ஒருத்தனும் இங்க இருக்கேன். கிருபையா கிரியையான்னு நானூறு ஐந்நூறு வருஷம் ரெண்டு தரப்பும் சண்டை போட்டாச்சு. 1999 அக்டோபர் 31 அன்னைக்கு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க்குல லூத்தரன் உலக சம்மேளனமும் எங்க திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் (கடவுள் மனுஷனை நீதிமான்னு ஏத்துக்கிடுறது) பத்தி ஒரு கூட்டறிக்கையில கையெழுத்துப் போட்டிருக்கு. நம்ம தகுதியினால இல்ல, கிருபையினால மட்டுமே ஏத்துக்கொள்ளப்படுறோம், அதே கிருபைதான் நம்மை நற்செயலுக்கு அழைக்குதுன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்லியாச்சு. 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்த சபைகளும் சேந்துக்கிட்டாங்க. காகிதத்துல சண்டை பெரும்பாலும் முடிஞ்ச மாதிரிதான்.

நடைமுறையில? எங்க அந்தோணியார் கோயிலுக்கு நேர்ச்சையோட வாற கூட்டத்தைக் கொஞ்சம் நேரம் பாத்தாப் போதும். "இதைச் செஞ்சு குடும், நான் அதைத் தாறேன்"னு பேரம் பேசுறவங்க ஒரு கூட்டம். எல்லாம் முடிஞ்சு நன்றி சொல்ல வந்துட்டு, கேக்குறதுக்கு ஒண்ணுமில்லாம மணல்ல காலை நீட்டி உக்காந்திருக்கிறவங்க ஒரு கூட்டம். ரெண்டு பேரும் ஏத்துறது அதே மெழுகுதிரிதான்.

நைட் டியூட்டி | இரவு 11.48

ஸ்டாஃப் நர்ஸ். இப்பதான் ரவுண்ட்ஸ் முடிஞ்சது. எல்லாத்தையும் வாசிச்சேன்.

போன மாசம் எங்க வார்டுல ஒரு பாட்டையா இருந்தாங்க. கிராம சபைகள்ல காலமெல்லாம் உபதேசியாரா, ஆராதனை நடத்தி வேதம் சொல்லிக் குடுக்கிறவரா இருந்து ஓய்வு பெற்றவங்க. பக்கவாதம். வலது கை விழுந்துட்டு, பேச்சும் குழறல். சாப்பாடு ட்யூப்ல. மூணாம் நாள் ராத்திரி போய்ப் பாத்தா தலைமாட்டுல இருந்த வேதாகமத்தை இடது கையால நெஞ்சு மேல இழுத்து வச்சிருக்காங்க. பக்கம் திருப்ப வரல. விரல் தாளை மடக்குது, தாள் நழுவிருது. கண்ணுல தண்ணி. என்ன வேணும் தாத்தான்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் முயற்சி பண்ணி, "ஜெவம்... வண்ண... முழியல"ன்னாங்க. ஆச்சி கீழ தரையில பாய்ல படுத்திருந்தவங்க எழும்பி, முந்தானையால அவுக வாயைத் தொடச்சுக்கிட்டே ஒரு சத்தம் போட்டாங்க: "இத்தன வருசம் நீரு பேசுனீரு, அவரு கேட்டாரு. இனி அவரு பேசட்டும், நீரு சும்மா கெடயும்!"

அந்த ஆளு சிரிச்சாங்க. பாதி முகம்தான் சிரிச்சுது.

டோனாவூர்ல பிள்ளைகள் இல்லம் நடத்தின மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பத்தி நம்ம ஊர்ல அடிக்கடி சொல்லுவாங்க. 1931-ல் விழுந்து கால் முறிஞ்ச பிறகு, 1951-ல் இறக்குற வரைக்கும் பெரும்பாலும் அறைக்குள்ளதான். அப்படிப் படுக்கையில இருந்தே எத்தனை புத்தகம் எழுதினாங்க பாருங்கன்னு சேத்துச் சொல்லுவோம். எனக்கு அதுல கொஞ்சம் உறுத்தும். படுக்கையிலயும் சாதிச்சாத்தான் மதிப்பா? அந்த உபதேசியார் ஒரு வரியும் எழுதப் போறதில்ல. ஒரு ஜெபமும் சொல்லப் போறதில்ல. அவுகளைக் கர்த்தர் பிடிச்சிருக்காருன்னா அது கிருபை மட்டும்தான், வேற எந்தக் காரணமும் காட்ட முடியாது. நல்ல காலத்துலயும் அவுகளைப் பிடிச்சிருந்தது அதேதான், அப்பக் கண்ணுக்குத் தெரியல.

டீச்சர், அந்தப் பிள்ளை ஜெபம் பண்ண மறந்த காலையிலயும் பஸ்ல அவளுக்கு முன்னாடி அவர் ஏறியிருப்பார்னு சொல்லிக் குடுங்க. பெட் 14 கூப்பிடுது.

திசையன்விளை டீச்சர் | திங்கள் காலை 6.10

காலையில எழும்பினதும் இதைத்தான் வாசிச்சேன். அந்த ஆச்சி சொன்னதை வகுப்புல சொல்லலாமா சிஸ்டர்?

நைட் டியூட்டி | காலை 7.35

ஊர் பேர் எதுவும் இல்லாமச் சொல்லுங்க. ஆச்சி கேட்டா "நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்"னு சண்டைக்கு வருவாங்க.

நாசரேத்தான் | காலை 9.20

கணக்குல வாழுறது நமக்கு ஏன் இவ்வளவு பிடிச்சிருக்குன்னு ராத்திரி யோசிச்சேன். எங்க ஊர்ச் சரித்திரத்துலயே ஒரு சங்கதி உண்டு. அருமைநாயகம் சட்டாம்பிள்ளைன்னு நாசரேத் பக்கம் பெரிய தமிழ் படிச்சவர். மிஷனெரிமாரோட மோதிப் பிரிஞ்சு, 1857-ல் இந்து கிறிஸ்தவ சபைன்னு தனியா ஆரம்பிச்சார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு முறைமைகள். பிரிஞ்சதுக்குக் காரணம் உபதேசம் மட்டும் இல்ல. வெள்ளைக்காரர் நம்மை மதிக்கலங்கிற ரோஷம் அதுல பெரிய பங்கு. அந்த ரோஷத்துல நியாயம் உண்டுன்னுதான் நான் நினைக்கேன். அந்தச் சபைக்காரங்க பக்தியையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது வேற. முறைமைன்னு ஒண்ணு இருந்தா நாம எங்க நிக்கோம்னு நமக்கே தெரியும். சனிக்கிழமை வேலை செஞ்சேனா இல்லையா, தசமபாகம் குடுத்தேனா இல்லையா, டிக் போடலாம். கிருபைக்கு டிக் போட முடியாது. வெறுங்கையோட நிக்கச் சொல்லுது. சம்பாதிச்சுப் பழகின சாதி நாம, பனை ஏறியோ கடை வச்சோ சொந்தக் கால்ல நின்னவங்க. யார்கிட்டயும் சும்மா வாங்க மாட்டோம், கல்யாண வீட்டு மொய்யைக் கூட நோட்டுல எழுதி வச்சுத் திருப்பிக் குடுக்கிறவங்க. கடவுள் சும்மா குடுத்தாலும் நோட்டைத் தேடுதோம். பெருமையா இருக்கிறதும் அதுதான், கோளாறும் அதுதான்.

பேர் வேண்டாம் | காலை 11.15

ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது முதல் தடவை. ஆலங்குளம் அக்கா எழுதினதைப் பாத்த பிறகு கேக்கலாம்னு தோணுச்சு.

என் வீட்டுக்காரர் குடிப்பார். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில முழங்கால் போட்டு அழுவார். பொங்கலுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிரும். கேட்டா "கர்த்தரே மன்னிச்சிட்டார், நீ யாரு"ம்பார். மாமியார், சபையில பெரியவங்க எல்லாரும் என்கிட்டதான் வந்து சொல்லுதாவ, நீ பொறுமையா இரு, கிருபையா இரு, எழுபது ஏழுதரம் மன்னிக்கணும்னு. அவருக்குக் கிருபைன்னா மன்னிப்பு. எனக்குக் கிருபைன்னா வாயை மூடிட்டு இருக்கிறது. இதுதான் கிருபையில வாழுறதா?

ஆலங்குளம் அக்கா | காலை 11.40

தங்கச்சி, இல்ல. இது இல்ல.

மன்னிக்கிறது வேற, ஏடிஎம் கார்டைக் குடுக்கிறது வேற. வீட்டுச் செலவுப் பணத்தை, பிள்ளைங்க பீஸை உன் கையில வச்சுக்கோ. அதுல ஒரு பாவமும் இல்ல. கை நீட்டுறார்னா அம்மா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போ, போலீசுக்கும் போ. 181-ன்னு பெண்கள் உதவி எண் இருக்கு, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். வசனம் சொல்லி உன்னை அங்கேயே உக்கார வைக்கிறவங்க யாரும் அந்த வீட்டுல ஒரு ராத்திரி இருந்து பாத்தவங்க இல்ல.

அவர் அழுறது பொய்னு நான் சொல்ல மாட்டேன். முழங்கால்ல நிக்கிற நேரம் உண்மையா இருக்கலாம். ஆனா தீத்துவுல வாத்தியார் ஐயா காட்டின கிருபை போதிக்கிற கிருபை. எந்த வருஷமும் ஒண்ணுமே கத்துக்கலன்னா, அவர் வாய்ல இருக்கிறது கிருபைங்கிற சொல்லு மட்டும்தான்.

நைட் டியூட்டி | மதியம் 1.05

தூங்கி எழும்பிட்டுப் பாக்கிறேன். அக்கா சொன்னது எல்லாத்துக்கும் ஆமென். நான் ஒண்ணு மட்டும் சேக்கிறேன், இது ரொம்ப முக்கியம்.

தினமும் நிறையக் குடிக்கிறவங்க ஒரு ராத்திரித் தீர்மானத்துல சட்டுனு நிறுத்தினா உடம்பு தாங்காமப் போகலாம். கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மையில ஆரம்பிக்கும். ரெண்டு மூணு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாததைப் பாத்துப் பயப்படலாம், ஆள் குழம்பிப் போகலாம். உயிருக்கே ஆபத்தாகிற நிலை அது. பிசாசு பிடிச்சிட்டுன்னு ஜெபிக்க மட்டும் கூட்டிட்டுப் போய் ரொம்ப லேட்டா எங்ககிட்ட கொண்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். மருந்தோட, டாக்டர் பார்வையிலதான் நிறுத்தணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க காட்டலாம். குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையாக் கூடுற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு கூடுகைகளும் உண்டு. அங்க முதல் படியே, "என்னால இதை அடக்க முடியல"ன்னு ஒத்துக்கிடுறது. தீர்மானம் எடுக்கிறவனுக்கும் இதை ஒத்துக்கிடுறவனுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பாளை வாத்தியார் | மதியம் 3.30

அம்மா, சபைப் பெரியவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன். உங்களிடம் வந்து பொறுமை சொன்னவர்கள் முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எபிரெயர் 4:16, "ஏற்ற சமயத்தில் சகாயஞ்செய்யுங்கிருபை" என்கிறது. உங்களுக்கு இப்போது அந்தச் சகாயம் தேவை. அதை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய மனுஷர், சபையார்தான். உங்கள் ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், நேரில் சொல்லத் தயக்கம் இருந்தால், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேர் வேண்டாம் | மாலை 5.10

நன்றி. கார்டை எடுத்து வச்சிட்டேன். மத்தது யோசிக்கணும்.

அசனக்குழம்பு | இரவு 8.44

லேட்டா வந்துட்டேன். எல்லாரும் ஆளுக்குள்ள இருக்கிற கணக்கைப் பேசுதிய. சபைக்குள்ள இருக்கிற கணக்கை யாரும் தொடல.

எங்க சபையில ஒரு பாட்டி. பனையோலைப் பெட்டி முடைஞ்சு விக்கிறவங்க. ஈரத் துணியில சுத்தி வச்ச சாரோலை மடியில, கையில ஒரு சின்னக் கத்தி, பேசிட்டே முடைவாங்க. விரல் நுனி பூரா கீறல். ஒரே மகன், அவனும் ஊர்ல இல்ல. கொஞ்ச காலமா சங்கம், அதான் சபைச் சந்தா, கட்டல. பாக்கி நோட்டுல ஏறிக்கிட்டே போகுது. யாரும் அவங்களை ஒரு வார்த்தை சொல்லலை, அதையும் சொல்லிருதேன். ஆனா இராப்போஜன ஞாயிறு அன்னைக்கு பாட்டி வாறதில்ல. ஏன் ஆச்சின்னு கேட்டதுக்கு, "பாக்கிய வச்சிக்கிட்டு எப்படி மக்கா பந்தியில கை நீட்டுவேன்?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செத்தா கல்லறைத் தோட்டத்துல எடம் குடுப்பாவளா?"

ஞாயித்துக்கிழமை தோறும் கிருபைன்னு பிரசங்கம் கேட்டு வளந்த ஆச்சி. பிரசங்கம் ஒண்ணு சொல்லுச்சு, நோட்டு ஒண்ணு சொல்லுச்சு. ஆச்சி நோட்டை நம்பிட்டாவ.

பாளை வாத்தியார் | இரவு 9.15

சங்கத்தை ஒரேயடியாக அடிக்க வேண்டாம். நம் பக்கத்தில் சங்கம் எப்படித் தோன்றியது தெரியுமா? 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர், 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். கிறிஸ்தவர்களானதால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தச் சேர்த்த பணம் அது. இடமில்லாதவனுக்கு இடம் வாங்கிக் கொடுக்க ஒவ்வொருவரும் கொடுத்தார்கள். பெண்கள் சோற்றுக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் தனியே போட்டு வைத்துப் பிடியரிசிக் காணிக்கை கொண்டுவந்ததும் இந்தச் சீமையில் வளர்ந்த வழக்கம். உபதேசியாருக்குச் சம்பளம், கோயில் கூரைக்கு ஓடு, பள்ளிக்கூடம், எல்லாம் அந்தக் காசுதான். நர்ஸம்மா சொன்ன உபதேசியாரும் அந்தக் காசில் சாப்பிட்டவர்தான்.

அசனக்குழம்பு | இரவு 9.24

ஐயா, நீங்க சொன்னதை வச்சே கேக்கேன். இடமில்லாதவனுக்கு இடம் வாங்க ஆரம்பிச்ச சங்கத்துல, பாக்கி இருக்குன்னு ஒரு ஆச்சி ஆறடி இடத்துக்குப் பயப்படுதாவ. ரேனியஸ் ஐயர் இருந்தா என்ன சொல்லுவார்?

பாளை வாத்தியார் | இரவு 9.41

என்ன சொல்வார் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. ரோமர் 4:4-ஐப் பவுல் எழுதிவிட்டார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." பந்திக்கு வர பாக்கி தீர்க்க வேண்டும் என்றால் அது கூலிப் பந்தி. ஆச்சிக்கு அப்படித் தோன்றும்படி விட்டது சபையின் குற்றம். உங்கள் ஐயர் நேரில் போய் அழைத்துக்கொண்டு வரவேண்டும். ஆனால் வசதியுள்ளவன் "எல்லாம் கிருபைதானே" என்று சங்கம் கட்டாமல் நழுவுகிறானே, அவனுக்கும் இந்த வசனத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

தேரிமண் | இரவு 9.50

அந்த ஆளு அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்குல எடுப்பான், மைக்ல பேர் வாசிக்கணும்ல.

ஆச்சி பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க, ஜிபே பண்ணிருதேன்.

அசனக்குழம்பு | இரவு 9.58

நீங்க கட்டினா ஆச்சி உங்களுக்குக் கடன்காரி ஆயிருவா. பாக்கெட் பாக்கெட்டா முறுக்கு சுட்டுக் குடுத்து அனுப்புவா, வாங்காம இருக்க முடியாது. கட்ட வேண்டாம். நோட்டுல இருந்து அடிக்கணும். முடியாதவங்க பாக்கியை வருஷா வருஷம் சபை கமிட்டியே அடிச்சிரணும், ஆளைக் கூப்பிட்டுக் கேக்காம, பேரை வாசிக்காம.

திசையன்விளை டீச்சர் | இரவு 10.20

வகுப்புக்கு என்ன எடுக்கணும்னு இப்பத் தெரியுது. மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். எங்க பிள்ளைங்க வீடுகள்ல பாதிப்பேர் தினக்கூலிதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் முழுச் சம்பளம்னா காலையில இருந்து வெயில்ல நின்னவன் என்ன சொல்லுவான்னு அவங்களையே நடிக்கச் சொல்லப் போறேன். கண்டிப்பா சண்டை வரும், வரட்டும். காலையிலேயே வந்து நின்னவன் கோபமும் கேட்டாகணும், அந்தப் பிள்ளையோட அம்மா பேசுறதும் அந்த இடத்துல இருந்துதான். அவங்களும் பயந்துதான் பிள்ளையைப் பயமுறுத்துதாங்க.

ஜெபத்தைப் பத்தி வாத்தியார் ஐயா சொன்ன ரெண்டு வரி, ஆச்சி போட்ட சத்தம், இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மடை வேண்டாம் ஐயா, எங்க பக்கமும் மானாவாரிதான்.

நாசரேத்தான் | இரவு 10.31

😀 அசனக்குழம்பு அண்ணாச்சி, கமிட்டிக்குப் போகும்போது கொலோசெயர் 2:14 வாசிச்சிட்டுப் போங்க. நமக்கு விரோதமா இருந்த கையெழுத்தை, அதாவது கடன் சீட்டை, குலைச்சுப் போட்டார்னு வரும். கமிட்டிச் செயலாளர் கிட்ட நோட்டைக் கேக்க அதைவிட நல்ல வசனம் கிடையாது.

பாளை வாத்தியார் | இரவு 10.45

வசனத்தை மட்டும் வைத்துப் பேசினால் "ஆண்டவர் செய்தார், நமக்கு ஆடிட் இருக்கிறதே" என்பார்கள். தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். "இயலாதோர் சங்கப் பாக்கி நீக்கம்" என்று தலைப்புப் போடுங்கள், ஆச்சி பேர் எங்கும் வரக்கூடாது. இராப்போஜனத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பாக்கி தடையல்ல என்று ஒரு வரி தனியாக இருக்கட்டும். வழிமொழிய ஓர் ஆளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

அசனக்குழம்பு | இரவு 10.52

நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்புதேன் ஐயா. கமிட்டி வெள்ளிக்கிழமை.